டங்கா முதல்ல, குச்சி அப்புறம்

எழுதிவிட்டாள்! என் மகள் சின்ன டி-யைத் திரும்பாமல், கவிழாமல், அச்சடித்த மாதிரி எழுதிவிட்டாள்! எதில் எழுதினாள் தெரியுமா? நோட்டில் இல்லை, சிலேட்டில் இல்லை, என் உச்சந்தலையில்! சித்திரைத் திருவிழாக் கூட்டம் மதுரை மாசி வீதியில் நெருக்கித் தள்ள, என் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு, வியர்த்து ஒட்டிக் கிடந்த என் முடிமேல் பிஞ்சு விரலால் எழுதினாள். அன்றிலிருந்து இதை யாரிடம் சொல்லாமல் விட்டேன் என்று கேளுங்கள். அங்கேயே நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் சொன்னேன், ஆபீசில் பக்கத்து மேஜைக்காரரிடம் இரண்டு தடவை சொன்னேன், மாமனாருக்கு ராத்திரி பத்தரை மணிக்குப் போன் போட்டு எழுப்பிச் சொன்னேன். உங்களிடம் மட்டும் சொல்லாமல் இருப்பேனா?

முதலிலிருந்து வருகிறேன். பாப்பாவுக்கு 6 வயது, ஒன்றாம் வகுப்பு. ஆங்கிலத்தில் சின்ன பி-யும் சின்ன டி-யும் எப்படி இருக்கும் என்று ஒரு நிமிடம் மனசில் கொண்டுவாருங்கள். இரண்டுக்கும் ஒரே குச்சி, ஒரே தொப்பை. தொப்பை வலப்பக்கம் தள்ளினால் பி, இடப்பக்கம் தள்ளினால் டி. அவ்வளவுதான் வித்தியாசம்! பாப்பா நாய் படத்துக்குக் கீழே 'டாக்' எழுத வேண்டும், எழுதியது 'பாக்'. கட்டிலுக்கு 'பெட்' எழுதச் சொன்னால் முன்னால் இருப்பது பின்னாலும் பின்னால் இருப்பது முன்னாலும் போய் நிற்கும். 3 என்கிற எண் முதுகைக் காட்டிக்கொண்டு அந்தப் பக்கம் பார்க்கும், 7 அதற்குத் துணைக்குத் திரும்பிக்கொள்ளும். நாலு கோடு நோட்டு முழுக்கச் சிவப்பு மை. பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் ஒரு நாள், 'பத்து முறை எழுதி வரவும்' என்று குறிப்பு வந்தது. உட்கார்ந்தாள். மேலே இருந்த மாதிரியைப் பார்த்து முதல் இரண்டு வரி சரியாக எழுதினாள், மூன்றாவது வரியில் டி தடுமாறியது, நாலாவதில் திரும்பியது, பத்தாவது வரி வரும்போது அழகான, வரிசையான, முத்து முத்தான தப்பு! அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகி, அந்த ஓட்டையின் மேல் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர்.

அப்போதுதான் வாசலில் படுத்திருந்த தெருநாயைக் காட்டிப் பாப்பா கேட்டாள்.

"அப்பா, அது இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் நாய்தான, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் நாய்தான? இது மட்டும் ஏம்ப்பா திரும்பினா வேற ஆயிருது?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி தூக்கமும் வரவில்லை. தேடித் தேடிப் படித்தேன், விடியற்காலை மூன்று மணிக்குச் சமையல்கட்டில் நின்று டீ போட்டுக்கொண்டு படித்தேன், படிக்கப் படிக்க எழுந்து கூத்தாடலாம் போல இருந்தது. ஏனென்றால் என் மகள் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை, ஸ்டானிஸ்லாஸ் தெஹான் என்கிற பிரெஞ்சு மூளை விஞ்ஞானி புத்தகம் எழுதி விளக்கியிருக்கிற கேள்வி! 2009-இல் ஆங்கிலத்தில் வந்த அந்தப் புத்தகம் சொல்வதை என் பாஷையில் சொல்கிறேன். புலி இடப்பக்கம் பார்த்து நின்றாலும் வலப்பக்கம் பார்த்து நின்றாலும் புலிதான், இரண்டுக்கும் ஒரே மாதிரி ஓடித்தான் ஆக வேண்டும். அதனால் ஒரு பொருளையும் அதன் கண்ணாடி பிம்பத்தையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிற குணம் நம் மூளையில் பிறவியிலேயே ஊறிக் கிடக்கிறது. எழுத்து என்பது மனிதன் கண்டுபிடித்துச் சில ஆயிரம் வருஷம்தான் ஆகிறது. அதற்கென்று மூளையில் தனி இடம் ஒதுக்கியா வைத்திருப்பார்கள்? பொருள்களையும் முகங்களையும் அடையாளம் கண்டுகொண்டிருக்கிற பகுதியில், இடப்பக்கம் பின்னால் கொஞ்சம் இடத்தைப் பிடித்து, அங்கே எழுத்தைக் குடிவைக்கிறோம். அந்த இடமோ 'எப்படித் திரும்பினாலும் ஒன்றுதான்' என்று இத்தனை காலமும் பழகிப்போன இடம்! செம்பு, செருப்பு, நாய், அப்பத்தா, எல்லாமே திரும்பினாலும் அதேதான் என்று 6 வருஷம் பார்த்து வளர்ந்த குழந்தைக்கு, திருப்பினால் பெயரே மாறிப்போகிற முதல் பொருள் எழுத்து. என் பிள்ளைக்கு எதுவும் குறைச்சல் இல்லை ஐயா! அவளிடம் இருப்பது ஒரு திறமை, எழுத்து என்று வரும்போது மட்டும் அதை இறக்கி வைக்கப் பழக வேண்டும், அவ்வளவுதான்!

அந்த 3 ஏன் திரும்புகிறது என்பதற்கும் ஆள் இருக்கிறார். ழான் போல் ஃபிஷர் என்று இன்னொரு பிரெஞ்சுக்காரர், குழந்தைகள் திருப்பி எழுதுவதையே வருஷக்கணக்காக ஆராய்ந்தவர். ஆங்கிலப் பெரிய எழுத்துகளை வரிசையாக ஓட்டிப் பாருங்கள், பி, சி, டி, ஈ, எஃப்... ஒரு பக்கம் பார்க்கிற எழுத்துகளில் அநேகமாக எல்லாம் வலப்பக்கமே பார்க்கும். இதை யாரும் சொல்லித் தராமலே குழந்தை உள்ளுக்குள் பிடித்துக்கொண்டு, 'ஓகோ, எல்லாம் வலப்பக்கம் பார்க்கும்போல' என்று தானாக ஒரு விதி போட்டுக்கொள்கிறது. அந்த விதிப்படி இடப்பக்கம் பார்க்கிற 3-ஐயும் 7-ஐயும் ஜே-யையும் பிடித்து வலப்பக்கம் திருப்பி விடுகிறது. எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம்! சிவப்பு மையில் சுழித்த அந்த 3-ஐ எடுத்து எல்லோரிடமும் காட்டினேன். "பாருங்கள், இலக்கணம் கண்டுபிடித்திருக்கிறாள்!" என்று.

இன்னும் கேளுங்கள், இதுதான் எனக்கு உயிர். பாப்பா தமிழிலும் 'ட'-வைத் திருப்பி எழுதுவாள். 'பட்டம்' என்று எழுதும்போது இரண்டு ட-வும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் படித்தால் பட்டம்தான்! திரும்பிய ட வேறு எந்த எழுத்தாகவும் ஆவதில்லை, ஏனென்றால் பி-யும் டி-யும் போல ஒன்றையொன்று கண்ணாடியில் பார்த்துக்கொள்கிற ஜோடி தமிழில் கிடையாது. எரிக் பெடர்சன் என்கிற அமெரிக்க மொழியியலாளர் இங்கே தமிழர்களிடமே சோதித்துப் பார்த்து 2003-இல் எழுதியிருக்கிறார். தமிழ் மட்டும் படித்தவர்கள் கண்ணாடி பிம்ப உருவங்களைப் பிரித்துப் பார்ப்பதில், எழுத்தே தெரியாதவர்கள் மாதிரிதான் இருந்தார்களாம். கூடவே ஆங்கில எழுத்தும் தெரிந்தவர்கள்தான் சட்டென்று பிரித்தார்கள். அப்படியென்றால் கண்ணாடியைப் பிரித்துப் பார்க்கச் சொல்லி மூளையை மல்லுக்கு இழுப்பதே அந்த பி-யும் டி-யும்தான்! நம் தமிழ் எவ்வளவு பெரிய மனசுக்காரி, பிள்ளை திருப்பி எழுதினாலும் 'சரி சரி, புரிகிறது' என்று வாங்கிக்கொள்கிறாள்.

என் மனைவிக்குத்தான் பயம். 2007-இல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்தைப் பார்த்ததிலிருந்து எழுத்து திரும்பினாலே டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிக்கல்தான் என்று நம்மில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்குகிறது. "ஏங்க, ஒரு டாக்டரப் பாத்துரலாமா?" என்று நாலு நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். எழுதப் பழகுகிற காலத்தில் 7 வயது வரை அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் சில எழுத்துகளைத் திருப்பத்தான் செய்வார்கள், அதை மட்டும் வைத்து எந்தப் பெயரும் சூட்டிவிட முடியாது. 8 வயதைத் தாண்டியும் நிற்காவிட்டாலோ, ஒலியையும் எழுத்தையும் சேர்த்து வாசிக்கப் பிள்ளை திணறினாலோ, அப்போது கட்டாயம் விவரம் தெரிந்தவர்களிடம் போக வேண்டும். பாப்பா எழுத்துக் கூட்டி நன்றாகவே வாசித்தாள். மனைவியிடம் இதைச் சொன்னதும்தான் எனக்கே மூச்சு வந்தது.

சரி, எப்படிச் சரிசெய்தோம்? கையால்! கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், கைக்கு இரண்டும் ஒன்றில்லை. பி எழுதுகிற கை ஒரு வழியில் போகும், டி எழுதுகிற கை முற்றிலும் வேறு வழியில் போகும். மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோம் நகரத்து ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கி, சொரசொரப்பான தாளில் எழுத்தை வெட்டி, அதன்மேல் விரலை ஓட்டச் சொன்னது இதற்காகத்தான். அந்த அம்மையார் நம் சென்னை அடையாறுக்கே 1939-இல் வந்தார், போர் முடிகிற வரை இந்தியாவில் இருந்தார், கொடைக்கானலில் பாடம் நடத்தினார்! இதைப் படித்த மறுநிமிஷமே ஹார்டுவேர் கடைக்கு ஓடினேன்.

"அண்ணே, உப்புத்தாள் குடுங்க."

"எத்தனாம் நம்பரு? என்ன வேலைக்கு?"

"எழுத்து எழுத."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 80-ஆம் நம்பரும் 120-ஆம் நம்பரும் வாங்கினேன். 80 பிஞ்சு விரலை அறுத்துவிடும், 120 கச்சிதம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒட்டி, முதலில் பி மட்டும் வெட்டினேன். மட்டும்! இதுதான் உயிர்நாடி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'இது அது, அது இது' என்று சொல்லிக் கொடுக்கிற வரைக்கும் குழந்தை குழம்பிக்கொண்டேதான் இருக்கும். மூன்று வாரம் டி-யை வீட்டுப் பக்கமே விடவில்லை.

பி-க்குப் பாட்டு இருக்கிறது. "பேட் முதல்ல, பால் அப்புறம்." மட்டையை நேராக மேலிருந்து கீழே இறக்கு, கையை எடுக்காமல் பாதி வரை மேலே ஏறி, வலப்பக்கம் பந்தை உருட்டு. பேட், பால், இரண்டுக்கும் முதல் எழுத்தும் பி-தான், எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போவோம். ஒரு வாளித் தண்ணீர், வெள்ளையடிக்கிற பெரிய பிரஷ். மாசி மாத வெயில் குடித்த தரை தகதகவென்று கிடக்கும். நினைத்துப் பாருங்கள், அந்தச் சூட்டுத் தரையில் தன் உயரத்துக்கு ஒரு பி, தோளிலிருந்து கை முழுக்க வீசி, "பேஏஏட்ட்... பால்!" என்று தெருவே கேட்கக் கத்திக்கொண்டு எழுதுகிறாள். தண்ணீர் பட்டதும் தரையிலிருந்து மண்வாசனை மாதிரி ஒன்று கிளம்பும், எழுதி முடிப்பதற்குள் மட்டையின் மேல் நுனி காய ஆரம்பித்துவிடும். "அப்பா, காயுது, காயுது, இன்னொண்ணு!" என்று அடுத்ததுக்கு ஓடுவாள். நோட்டில் பத்து தடவைக்கு அழுத பிள்ளை, மாடியில் ஐம்பது எழுதிவிட்டு "இன்னும்" என்கிறாள்! நானும் பக்கத்தில் நின்று எழுதினேன், கத்தினேன், எதிர்வீட்டு மாடியில் துணி எடுக்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள், பார்க்கட்டுமே!

வீட்டுக்குள் வந்தால் தாம்பாளத்தில் ரவை. அதில் விரலால் எழுதுவது, தட்டி அழிப்பது, மறுபடி எழுதுவது. சரசரவென்ற அந்தச் சத்தமும், விரலுக்குப் பின்னால் பித்தளை பளிச்சென்று கோடு கோடாகத் தெரிவதும் இருக்கிறதே, அடடா! எங்கம்மா, பாப்பாவுக்கு அப்பத்தா, பார்த்துவிட்டுச் சொன்னார்கள்.

"இத என்னமோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி குதிக்கிற? எங்கய்யாவெல்லாம் திண்ணைப் பள்ளிக்கூடத்துல மணல்லதாண்டா எழுதிப் படிச்சாக."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் முதல் நாள் ராத்திரிதான் ஆண்ட்ரூ பெல் கதையைப் படித்திருந்தேன். 1789-இல் சென்னை எழும்பூரில் இருந்த அநாதைச் சிறுவர் விடுதிக்குப் பொறுப்பாக வந்த பாதிரியார் அவர். நம்மூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அசந்துபோய்த் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதையும் சேர்த்து 1797-இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார், அது மெட்ராஸ் முறை என்ற பெயரில் பரவியது. ஸ்காட்லாந்தில் செயிண்ட் ஆண்ட்ரூஸ் என்கிற ஊரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளிக்கூடம் இன்றைக்கும் இருக்கிறது! நம் திண்ணை மணல் கடல் தாண்டிப் போயிருக்கிறது. நாமோ விஜயதசமி அன்று மட்டும் பிள்ளையை மடியில் வைத்து நெல்லில் 'அ' எழுதவைத்துவிட்டு, மறுநாளே நெல்லை எடுத்து வைத்துவிட்டுப் பென்சிலைக் கையில் திணித்துவிடுகிறோம்.

மூன்று வாரத்தில் பி உறுதியாகிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு எழுதச் சொன்னாலும் வந்தது. முதுகில் விரலால் நான் எழுதினால் "பேட் பால்!" என்று சொல்லிவிடுவாள். அடுத்தது டி. அதன் வழி வேறு. முதலில் சி எழுதுகிற மாதிரி இடப்பக்கமாக வளைந்து உருண்டை, அதன் பிறகே மேலே ஏறி நேராக இறங்கும் குச்சி. இதற்கு ஒரு சொல் வேண்டும். உருண்டை முதலில் வர வேண்டும், குச்சி பின்னால் வர வேண்டும், டி-யில் தொடங்க வேண்டும். டிரம் என்றேன், பாப்பாவுக்கு ஒட்டவில்லை. இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். மூன்றாம் நாள் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்கள்.

"டங்கா மாடு இருக்கேடா."

டங்கா! மீனாட்சி அம்மன் புறப்பாட்டுக்கு முன்னால் மாட்டின் முதுகில் ஏற்றிக்கொண்டு வருகிற அந்தப் பெரிய டங்கா! உருண்டை இருந்தால்தானே குச்சியால் அடிக்க முடியும்? "டங்கா முதல்ல, குச்சி அப்புறம்!" நான் அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன், பூச்சரம் அறுந்துபோனது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டங்காதான். ரவையில் டங்கா, உப்புத்தாளில் டங்கா, மாடியில் டங்கா. கூடவே கையால் ஒரு சோதனையும் உண்டு. இரண்டு கைகளையும் மடக்கிக் கட்டைவிரலை மட்டும் மேலே நிமிர்த்தி, விரல் முட்டிகளை ஒன்றோடொன்று முட்டவைத்தால் இடக்கை பி ஆகும், வலக்கை டி ஆகும், நடுவில் ஒரு ஈ-யை நினைத்துக்கொண்டால் கட்டில் தயார்! பரீட்சை எழுதும்போது மேஜைக்குக் கீழே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், பங்குனி முழுக்க டி ஒரு நாள் வந்தது, ஒரு நாள் வரவில்லை. ரவைக்கு எறும்பு வந்தது. அதெல்லாம் ஒரு குறையா?

இப்போது சித்திரைக்கு வாருங்கள். மாசி வீதி. சாயங்காலம். காலையிலிருந்து அடித்த வெயில் இன்னும் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மல்லிகைப்பூ வாசம், ஜிகர்தண்டாக் கடையில் பால் காய்ச்சுகிற வாசம், பலூன்காரன் பீப்பீ, கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம், கால் வைக்க இடமில்லை, பாப்பா என் தோளில், அவள் கால் இரண்டும் என் நெஞ்சில் தொங்குகிறது, "எங்கப்பா, எங்கப்பா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். திடீரென்று தூரத்தில் டம் டம் டம் என்று ஒரு சத்தம், அது காதுக்கு வருவதற்கு முன்னால் நெஞ்சுக்கு வருகிறது, கூட்டம் அப்படியே இரண்டாகப் பிரிகிறது, கொம்பில் அலங்காரத்தோடு, முதுகில் பட்டுத் துணியோடு ஆடி அசைந்து வருகிறது பாருங்கள், டங்கா மாடு! மேலே உட்கார்ந்திருப்பவர் குச்சியை ஓங்கி அடிக்கிறார், டம்! எனக்கு மேலே இருந்து ஒரு கத்தல், "அப்பாஆஆ! டி!" நான் எதுவும் கேட்கவில்லை, எழுதச் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், அவளாகவே என் தலையில் விரலை வைத்தாள். நெற்றிக்குக் கொஞ்சம் மேலே தொட்டு, இடப்பக்கமாக வளைந்து, கீழே இறங்கி, சுற்றி மேலே வந்து மூடினாள், உருண்டை! எனக்கு மூச்சு நின்றுவிட்டது. உருண்டை முதலில் வந்துவிட்டது, குச்சி வர வேண்டும், சாமி, குச்சி வர வேண்டும், வலப்பக்கம் வர வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறேன், விரல் எடுக்காமல் அப்படியே முன்னால் ஏறியது, சர்ரென்று நேராகக் கீழே இறங்கியது. டி! என் மண்டைமேல் ஒரு முழு டி! பார்க்க முடியாது, ஆனால் ஒவ்வொரு வளைவும் தெரிந்தது, கை எந்த வழியில் போனது என்பது தோலுக்கே தெரிந்தது. மறுபடி டம் என்று டங்கா, மறுபடி என் தலையில் டி, டம், டி, டம், டி, மாடு போய், யானை போய், அம்மன் வந்துகொண்டிருக்கிறாள், ஊரே கையெடுத்துக் கும்பிடுகிறது, நானும் கும்பிடுகிறேன், கண்ணீர் தாரை தாரையாக ஓடுகிறது, பக்கத்தில் நின்ற வயதான அம்மா என்னைப் பார்த்து "நல்ல பக்திப்பா" என்று சொல்லித் தன் திருநீற்றைக் கொடுத்தார்கள், அவர்களிடமும் சொன்னேன், "ஆத்தா, எம்மக டி எழுதிட்டா!" அவர்களுக்கு என்ன புரிந்ததோ, பாப்பாவின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்தோம். 'டாக்.' சரி. 'பெட்.' சரி! 3 மட்டும் இன்னும் சில நாள் அந்தப் பக்கம் பார்க்கிறது, அதற்கும் பாட்டுத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் வீட்டில் எழுத்தைத் திருப்பி எழுதுகிற பிள்ளை இருந்தால், பத்து முறை எழுதச் சொல்லாதீர்கள். ஒரு தாம்பாளத்தில் இரண்டு கை ரவை, ஒரே ஒரு எழுத்து, வாய்விட்டுச் சொல்ல ஒரு பாட்டு, பக்கத்தில் நீங்கள். ரவை இல்லாவிட்டால் நெல், நெல் இல்லாவிட்டால் மணல். இன்றைக்குச் சாயங்காலமே கொட்டிவிடுங்கள்.